ஓ.டி. ஹெப்ரான்

மூடி கழற்றிய பேனாவைத்தான் ஹெப்ரான் முதலில் நீட்டுவான். வணக்கம் அதற்குப் பிறகு வரும். "சார், ஒரேயொரு ஓ.டி. சார்." கோப்பின் மேல் தாளை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலையும் வைத்துக்கொடுப்பான். மறுத்து எழுத மட்டும் அந்தத் தாளில் இடம் இருக்காது.

ஓ.டி. என்றால் ‘ஆன் டூட்டி’. மாணவன் வகுப்பில் இல்லை, ஆனால் கல்லூரிப் பணியில் எங்கோ இருக்கிறான், ஆகவே வகுப்பில் இருந்ததாகவே கொள்ளவும் என்று நாங்கள் கூசாமல் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் மூன்றாமாண்டுக்குப் பொறுப்பாசிரியன் நான். இந்த மூன்று ஆண்டுகளில் நான் அதிகமாகக் கையெழுத்துப் போட்டது ஹெப்ரானின் சீட்டுகளில்தான்.

ஊர் ஏரல். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து வருவான். இறங்கும்போது என்ன சட்டை என்று பார்த்தாலே அன்றைய நிகழ்ச்சி தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டை என்றால் செஞ்சிலுவைச் சங்கம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் பனியன் என்றால் தாமிரபரணியில் குளித்தவர்கள் விட்டுப்போன பழந்துணி பொறுக்கப் போகிறான். வேட்டி என்றால் தமிழ் மன்றம். வகுப்புக்கென்று தனியாக ஒரு சட்டை வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, குரல் அப்படி. மைக்கைப் பிடித்தான் என்றால் பின்வரிசையில் தூங்குகிற பேராசிரியர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள். நாங்களும் விடுவோமா? கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய வந்த குழுவுக்காகப் போட்ட மலரில் யோகாசனம் செய்கிறவன், ஒயிலாட்டம் ஆடுகிறவன், மரக்கன்று நடுகிறவன் மூவருமே ஹெப்ரான்தான். குழுத் தலைவர் அதைப் புரட்டிவிட்டு, "உங்கள் மாணவர்களிடையே நல்ல ஒற்றுமை தெரிகிறது" என்று பாராட்டினார். முதல்வர் எழுந்து நன்றி சொன்னார்.

மேடை அவனோடு கேன்டீனுக்கும் வரும். "அடுத்த நிகழ்வாக, ரெண்டு வடை!" என்பான். அதோடு நின்றால் பரவாயில்லை. பருவத்தேர்வு விடைத்தாளில் நியூட்டன் வளையங்கள் பற்றிய கேள்விக்கு, "பெருமதிப்பிற்குரிய நியூட்டன் அவர்கள்" என்று தொடங்கி அரைப்பக்கம் வரவேற்றிருந்தான். வளையம் ஒன்றுகூட வரவில்லை. மரியாதைக்கு மதிப்பெண் போட விதியில்லாததால் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவன் அம்மா பாக்கியவதி மாதம் ஒருமுறை எனக்கு போன் செய்வார். "சார், ஆண்டவர் கிருபையில எம்மவன் நல்லாப் படிக்கானா? வாரம் ஒரு கப்போட வாரான் சார். வைக்க எடமில்ல. ஒண்ணுல துவரம்பருப்பு போட்டு வச்சிருக்கேன், இன்னொண்ணுல கடுகு." படிப்புக்காகத்தான் கோப்பை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம். மகன் பி.எட். முடித்து வாத்தியாராகப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறார். நான் "நல்ல பையன்மா" என்று பொதுவாகச் சொல்லி போனை வைத்துவிடுவேன்.

பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிற காலம் பிப்ரவரியில் முடிந்தது. ஓ.டி. வகுப்புக்குச் செல்லும், தேர்வுக்குச் செல்லாது. மாதிரிச் செய்முறைத் தேர்வுக்கு ஹெப்ரான் இரண்டு முறை வரவில்லை. முதல் முறை ரத்ததான முகாம். இரண்டாம் முறை எங்கள் துறையே நடத்திய இயற்பியல் வினாடி வினா. கேள்வி கேட்டது இவன்தான். மூன்றாவதாக ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தோம். அதையும் விட்டால் இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி இல்லை, பட்டம் இல்லை, பி.எட். இல்லை.

கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். "ஏலே, உனக்கென்ன பைத்தியமா? எதுக்குலே இப்படி ஊர் ஊரா அலையுத?"

வழக்கமாக "அஞ்சே நிமிசம் சார், பைய சொல்லுதேன்" என்று நழுவுகிறவன் அன்று நழுவவில்லை. "உள்ளதச் சொல்லுதேன் சார். கிளாஸ்ல உக்காந்தா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. ஏரல்ல பூராம் தமிழ்லதான் படிச்சேன். இங்கன வந்த மொத நாளே நீங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிட்டிய. அங்கன மைக்கக் குடுத்தா அம்புட்டுப் பேரும் என்னப் பாக்காங்க. இங்கன மூணு வருசமா வருகைப் பதிவுக்கு மட்டுந்தான் எம்பேரக் கூப்பிடுதிய."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அவன் மேல் அல்ல. அவன் அறிவிப்பில் மயங்கி என் துறை விழாவுக்கே நான்கு முறை அவனை இழுத்துக்கொண்டு போனவன் நான். ஒரு முறையாவது, பாடம் புரிகிறதா என்று கேட்டேனா? கேட்கவில்லை.

அதன் பிறகு பதினைந்து நாட்கள், மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் அவனுக்கு நான் தமிழிலேயே ஒளியியல் சொன்னேன். ஆய்வக உதவியாளர் மாரிக்கண்ணு, "வாரும்வே விழா நாயகரே, மாலையெல்லாம் இங்கன கெடையாது" என்று கேலி பேசிக்கொண்டே கருவிகளை எடுத்து வைப்பார். ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியை முதன்முதலாகத் தொடச் சொன்னபோது ஹெப்ரான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்த கை. பத்தாவது நாள், "சார், இது இவ்வளவுதானா? இதுக்கா பயந்து ஓடுனேன்!" என்றான்.

வியாழக்கிழமை நெருங்கியது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தேர்வன்று, அதே காலை பத்து மணிக்குக் கருத்தரங்கம். தலைப்பு: ‘பாடமும் பன்முகத் திறனும் – சமநிலை காண்பது எப்படி?’ தேர்வு உள்ளவர்கள் உட்பட அனைவரும் தவறாது கலந்துகொள்ள வேண்டுமாம். அழைப்பிதழில் நிகழ்ச்சித் தொகுப்பு: ஹெப்ரான். அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கிற வழக்கம்தான் எங்களிடம் கிடையாதே!

தேர்வுக்காரர்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டு முதல்வருக்கு நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. வியாழனன்று ஹெப்ரான் பத்துக்குச் சரியாக ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தான். கோடுபோட்ட சாதாரணச் சட்டை. மஞ்சள் சோடிய விளக்கைப் போட்டான். நிறமாலைமானியின் தொலைநோக்கியைத் திருப்பினான். மேசையின் ஒரு கால் குட்டை. கைபட்டதும் ஆடியது, ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடியது. மறுபடி சரிசெய்தான். மறுபடி ஆடியது.

பத்தரைக்கு அலுவலக ஊழியர் ஓடி வந்தார். "ஹெப்ரான் எங்க? சிறப்பு விருந்தினர் வந்து காத்துக் கெடக்காரு. முதல்வர் சத்தம் போடுதாரு. அஞ்சு நிமிசந்தானாம், பேசிட்டு வந்துரலாமாம்." அவர் கையில் ஓ.டி. சீட்டு. பெயர், நேரம், காரணம் எல்லாம் நிரப்பி, முதல்வரே பச்சை மையில் கையெழுத்துப் போட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக, அவன் கேட்காமலே ஒரு ஓ.டி. அவனைத் தேடி வந்திருந்தது.

அரங்கிலிருந்து யாரோ மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. போகக்கூடாது என்று சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன். பச்சை மையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். என்னத்தைச் சொல்ல, இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

ஹெப்ரான் என்னைப் பார்த்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவன் ஊழியர் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் மரியாதையாகச் சீட்டை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தான். அதை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், எட்டாக மடித்து விரலால் நன்றாக அழுத்தினான். குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கடியில் அதைச் சொருகினான். எழுந்து மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தான்.