நேர்ந்துவிட்ட பன்றிக்குட்டி

பன்றி என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நாகலாபுரத்துக்குக் கிழக்கே, ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாக எங்கள் வீடு. நைனா பன்றி வளர்த்தார். நாங்கள் தின்றதும் உடுத்தியதும் அதில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பகலில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல், பொழுது சாய்ந்ததும் கறிக்கு ஆள் அனுப்பினார்களே, அவர்கள் படட்டும் வெட்கம்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்த சமயம். எங்கள் ஊர் அந்தப் பக்கம் போகுமா, இந்தப் பக்கமே இருக்குமா என்று பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் தமிழில் கோஷம் போட்டு ஊர்வலம் போகும். அடுத்த வாரம் தெலுங்கில் போகும். நைனா இரண்டுக்கும் போனார். இரண்டிலும் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். இரண்டிலும் எங்கள் ஆட்களைக் கடைசி வரிசையில்தான் நிற்கவைத்தார்கள்.

அப்படி ஒரு ஊர்வலத்துக்கு லாரி வந்து நின்ற மார்கழிக் காலையில்தான் எங்கள் பெரிய பன்றி குட்டி போட்டது. மொத்தம் ஒன்பது. எட்டுக் குட்டிகள் விழுந்த சூட்டோடு எழுந்து, மோதித் தள்ளிக்கொண்டு ஆளுக்கு ஒரு காம்பைப் பிடித்துவிட்டன. பன்றிக்குட்டி முதல் நாள் பிடித்த காம்பைக் கடைசிவரை விடாது. முன்காம்புகளில் பால் அதிகம். அவை பலசாலிகளுக்குப் போய்விடும். ஒன்பதாவது குட்டி பெருச்சாளி அளவுகூட இல்லை. வைக்கோலில் ஒதுங்கிக் கிடந்து நடுங்கியது. நைனா அதைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தேறாது என்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கீழே போட்டுவிட்டு ஓடினார்.

அவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். கிணற்றடிக் கல்லில் ஒரே அடி. நைனா கெட்டவர் இல்லை. இரண்டு நாள் குளிரில் விறைத்து, எறும்பு மொய்த்துச் சாவதைவிட அது மேல் என்று நினைப்பவர். ஆனால் அந்தக் குட்டி என் உள்ளங்கையில் மூக்கை வைத்துத் தேடியது. என்னிடம் பால் இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

காட்டேரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட பன்றியை யாரும் தொடமாட்டார்கள். இடது காது நுனியை வெட்டி மஞ்சள் வைத்துவிட்டால் போதும். காயப்போட்ட கேழ்வரகில் வாய் வைத்தாலும் அதன்மேல் கல் விழாது. அந்தப் பன்றிக்கு ஆடி மாதம் படையலில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எட்டு வயதில் மார்கழியிலிருந்து பார்த்தால் ஆடி மாதம் வரவே வராது.

அடுத்த குடிசையில் நைனாவின் அக்கா, என் அத்தை இருந்தாள். வெற்றிலை போடுகிறவள். அவள் பாக்குவெட்டியை எடுத்துவந்து குட்டியின் காதில் ஒரு உளுந்து அளவு நறுக்கினேன். கத்துவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. மஞ்சளை அப்பி, தாயின் வயிற்றோரம் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி விறகு பொறுக்கப் போனேன்.

சாயங்காலம் நைனா தொண்டை கட்டித் திரும்பிவந்தார். குட்டியைத் தூக்கினார். காதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு நேந்துக்கினது?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அத்தை வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். நான்தான் என்றேன்.

"இன்னாத்துக்கு?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. நேர்ந்துகொள்வதற்குக் காரணம் வேண்டும் என்பதே அப்போதுதான் உறைத்தது. எதிரில் அம்மா நின்றாள். ஏழு மாத வயிறு. எனக்குப் பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று செத்தே பிறந்தது. இன்னொன்று மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அம்மா வயித்துல கீற புள்ளைக்கு."

அத்தை என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"பொழைக்கிற குட்டியாப் பாத்து நேந்துக்கக் கூடாதாடி? சாவப் போறதும்மேலயா என் தம்பி பொண்டாட்டி வயித்தக் கட்டி வெச்ச?"

நைனா குட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். காலையில் போட்ட மாதிரிப் போடவில்லை. அம்மா குனிய முடியாமல் குனிந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்து நான் என்னையே மெச்சிக்கொண்டேன். பழைய கூடையில் உமியைப் பரப்பி, செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, அதன்மேல் குட்டியைப் படுக்கவைத்தாள் அம்மா. குளிர்தான் முதலில் கொல்லும், பசி அப்புறம்தான் என்றாள். தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்து உறுமத் தொடங்கினால் கூடையோடு ஓடுவாள். அந்த உறுமல் வேகமாகும்போதுதான் பால் இறங்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நின்றும் போய்விடும். அந்த நேரத்தில் பெரிய குட்டிகள் இதை முட்டித் தள்ளிவிடும். அதனால் நான்கு தடியன்களை அள்ளி வேறு கூடையில் போட்டு மூடிப் பிடித்துக்கொள்வது நைனாவின் வேலை. கல்லில் அடிக்கவிருந்த மனிதர் கூடைமேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஊர்வலத்துக்கு லாரி வந்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெலுங்கோ தமிழோ, அவர் இல்லாமலே அன்றைக்கு முழங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம் குட்டி காம்பைப் பிடிக்கவில்லை. வாயில் வைத்தாலும் நழுவவிட்டது. அம்மா முகம் வெளுத்துப்போனது. தாய்ப்பன்றியின் பாலை, பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையில் பீய்ச்சி, துணித் திரியை நனைத்து அதன் நாக்கில் சொட்டுச் சொட்டாக வைத்தாள். பாதி கீழே சிந்தியது. பிறகு அதை எடுத்துப் புடவைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சோறு பொங்கவில்லை. நைனா கேட்கவும் இல்லை. அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். வழக்கமாக எதையாவது குத்திப் பேசுகிறவள், அன்று களியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவுக்காக இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை. ஒரு பன்றிக்குட்டிமேல் இவ்வளவு ஆசையா என்று பொறாமைப்பட்டேன்.

மறுநாள் காலையில் அது புடவைக்குள்ளேயே மூத்திரம் பெய்தது. அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதன் பிறகு அது காம்பை விடவில்லை.

மாசி கடைசியில் தம்பி பிறந்தான். மூன்றாம் நாள் தாண்டியது. பத்தாம் நாள் தாண்டியது. அத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு கை தவிட்டைக் கொண்டுபோய் அந்தப் பன்றியின் முன் கொட்டியதை நான் பார்த்தேன். அதற்குள் அது நன்றாகத் தேறிவிட்டது. நான் ஏரிக்குப் போனால் பின்னாலேயே வரும். துணி துவைத்து முடிக்கும்வரை சேற்றில் கிடந்துவிட்டு, கூடவே திரும்பும். கூப்பிட்டால் கோணல் காதை ஆட்டும்.

வரவே வராது என்று நான் நினைத்திருந்த ஆடி வந்தது.

படையலன்று காலையில் நைனா கயிற்றைத் தேடினார். நான் அதை முன்பே கேணியில் போட்டிருந்தேன். அவர் வேறு கயிறு எடுத்தார். நான் அம்மாவிடம் ஓடினேன். தம்பியைப் பக்கத்தில் துணியில் படுக்கவைத்து மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாக்குவெட்டி, காது, வாய்க்கு வந்த பொய், எல்லாம். நான் அம்மனிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவே இல்லை, அதனால் அம்மனுக்கு இந்தப் பன்றி சேராது என்று வாதாடினேன். எட்டு வயதுக்கு நல்ல வாதம். இன்றைக்கும் அதில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

அம்மா அரைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியும்," என்றாள். "பொய்யாவே இருக்கட்டும். இவன் கீறானே."

பிறகு மஞ்சள் கையோடு எழுந்துபோய், நைனாவிடமிருந்து கயிற்றை வாங்கி, அவளே அதன் கழுத்தில் கட்டினாள். அது அவளிடம் முரண்டு பிடிக்கவில்லை. அவள் வாசனை அதற்குத் தெரியும்.

நான்கு நாள் அவளோடு நான் பேசவில்லை. பொய் என்று தெரிந்தும் கட்டிக்கொடுத்தவளை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். நாற்று நடவுக்குக் கூலி ஆள் கூப்பிட்டார்கள். அவள் என்னைச் சமாதானம் ஒன்றும் செய்யவில்லை. தம்பியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வரப்பில் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்து மாதத்துப் பிள்ளை, கல் மாதிரி கனத்தான். கால் மரத்துப்போனது. இவனை ஏன்தான் இவ்வளவு கனமாக வளர்க்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.