புளியமரத்து பாரும் ஒரு கொட்டைப்பாக்கும்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பார் இருக்கிறது. கதவு கிடையாது, போர்டு கிடையாது, சரக்கும் கிடையாது. ஒரு புளியமரமும் அதன் நிழலும்தான். நூறு நாள் வேலைக்கு வரும் பொம்பளைகள் நாங்களாக வைத்துக்கொண்ட கடை அது.

வேலை என்றால் ஏரியில் மண்ணை வெட்டிக் கரையில் கொட்டுவது. அளந்துவிட்ட குழியை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். ஆனாலும் வீட்டுக்குப் போக முடியாது. காலையில் ஒரு போட்டோ, மத்தியானத்துக்கு மேல் ஒரு போட்டோ, இரண்டும் செல்போனில் ஏறினால்தான் வேலைக்கு வந்ததாகச் சேர்த்தி. அந்த இரண்டாவது போட்டோவுக்குக் காத்துக்கிடந்த நேரத்தில் பிறந்ததுதான் இந்த பார்.

கிழக்குத் தெருக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள், ஒருநாள் கேட்டாள்.

"இந்த ஆம்பளைங்க பாருக்குள்ள உக்காந்து மணிக்கணக்கா அப்படி என்னத்தடி பேசுவானுங்க?"

பதில் சொல்லக்கூடியவள் எங்களில் ஒருத்திதான். புருஷனைக் கூட்டிவர ஒயின்ஷாப் வாசலில் பல வருஷம் நின்றவள். நின்று நின்றே உள்ளே நடப்பது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அந்த மனுஷன் இப்போது இல்லை.

"வெளியில சொல்ல முடியாதத உள்ள சொல்லுவானுங்க. மறுநா கேட்டா, போதையில சொன்னேன்னு சொல்லிடுவானுங்க. அம்புட்டுதான்," என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகி, துண்டைத் தோளில் போட்டு, எங்கள் முன்னால் வந்து நின்றாள். "சொல்லுங்க, உங்களுக்கு என்ன கொண்டாரட்டும்?"

அன்றிலிருந்து அவள்தான் சப்ளையர். பழைய சோற்று நீச்சத்தண்ணி நாட்டுச் சரக்கு. மோர் என்றால் கொஞ்சம் உசத்தி. யாராவது டவுனுக்குப் போய் வந்து கலர் பாட்டில் கொண்டுவந்தால் அது ஃபாரின். மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் சைடிஷ். எதிரே ரோட்டில் சிமெண்ட் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு அரியலூர் பக்கம் போகும், அதுதான் டிவி. கிழக்குத் தெருக்காரி இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் தள்ளாடிக் காட்டுவாள். "ஏய் சப்ளையர், இதுல தண்ணி கலந்துட்டியா? எங்க ஓனரு?" என்பாள். "ஓனரு மேல இருக்காரு," என்று சப்ளையர் மரத்தைக் காட்டுவாள். கிளையில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. நிழலுக்குள் பேசியது நிழலோடு சரி. வெயிலில் கால் வைத்த பிறகு யாரும் யாரையும் அதை வைத்துக் கேட்கக் கூடாது, குத்திக்காட்டக் கூடாது. அதனால் மருமகள் கதை, மூட்டுவலி, பாத்ரூம் கட்டித் தராத மகன் என்று எல்லாம் அங்கே வெளியே வந்தது.

நான் மட்டும் வாயைத் திறந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் கெத்து உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ரெண்டாம் வகுப்போடு நின்றாலும் இந்த வயசு வரைக்கும் எங்கேயும் கைநாட்டு வைத்தது கிடையாது. எழுத்துக் கூட்டியாவது கையெழுத்துப் போடுவேன். இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவசரமில்லாமல்.

அந்த நிழலின் மறுகோடியில் என் ஓர்ப்படி உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவளும் நானும் பேசி எட்டு வருஷம்.

பேச்சு முறிந்தது ஒரு பத்திரிகையால். அவள் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகள் நான். எந்த விசேஷம் என்றாலும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகை வைத்து, முதலில் என்னைத்தான் அழைக்க வேண்டும். நான் திருமானூர் பக்கம் நடவுக்குப் போயிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் வந்து பார்த்தால் கேட் கம்பியில் பத்திரிகை சொருகியிருந்தது. வெறும் பத்திரிகை. ஒரு வெற்றிலைகூட இல்லை. கரண்ட்பில் போடுகிற மாதிரி சொருகிவிட்டுப் போயிருக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காதுகுத்துக்குப் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதோடு நின்றது.

பேச்சில்லாதவர்கள் எங்கள் பக்கம் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவார்கள். ஆள் இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ சொல்வார்கள். எங்களுக்கு அதுவும் இல்லாமல்தான் இருந்தது. பார் வந்த பிறகு சப்ளையர் நடுவில் வந்தாள்.

"அங்க உக்காந்திருக்கவங்களுக்கு ஊறுகா வேணுமான்னு கேளு," என்பேன்.

"அவங்க போட்ட ஊறுகாயில உப்பு அதிகம்னு சொல்லிடு," என்று அங்கிருந்து வரும்.

"உப்பு இல்லாத ஊறுகாய அவங்க வூட்டுலயே போட்டுக்கச் சொல்லு."

சப்ளையர் இரண்டு பக்கமும் துண்டை உதறிக்கொண்டு நடப்பாள். "ரெண்டு டேபிளும் சத்தம் போடாம சாப்புடுங்க. போலீசு வந்துடும்."

இப்படி இரண்டு கோடை. ஊறுகாயைத் தாண்டி வேறு எதுவும் பேசியதில்லை. அதுவே எனக்குப் பழகிப் போயிருந்தது. காலையில் ஊறுகாயை டப்பாவில் போடும்போது, இன்றைக்கு என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. கிழக்குத் தெருக்காரி தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தாள். யார் யாருக்கு வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சில பேரு கம்பியில சொருகிட்டுப் போயிடுவாங்க. அந்த மாதிரி செய்யாதன்னு சொல்லு," என்றேன், சப்ளையரைப் பார்த்து.

மறுகோடியில் ஓர்ப்படி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சப்ளையரு, நான் போதையில சொல்றேன், கேட்டுக்க. மொதப் பத்திரிகை அவங்களுக்குத்தான் கொண்டு போனேன். வூடு பூட்டிக் கெடந்துச்சு. பத்திரிகைய கம்பியில சொருகிட்டு, வாசப்படியில ஒரு கவுளி வெத்தலையும் கொட்டப்பாக்கும் வச்சுட்டு வந்தேன். இருட்டுனப்பறம் திரும்பிப் போறேன், பத்திரிகையும் இல்ல, வெத்தலையும் இல்ல, உள்ள லைட்டு எரியுது. எடுத்துக்கிட்டாங்கன்னு அடுத்த வூட்டுக்குப் போயிட்டேன். விசேஷத்துக்கு வரல. மூத்தவங்க வராம என் சம்பந்தி முன்னால நான் நின்ன நெலம எனக்குத்தான் தெரியும். ஏன் வரலன்னு கேக்க எனக்கும் ரோஷந்தான்."

"வெத்தல எங்கடி போயிருக்கும்?" என்றாள் கிழக்குத் தெருக்காரி.

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது என்னிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொள்வதில் கெட்டிக்காரி. அன்றைக்கு நடவிலிருந்து வந்தபோது அது வாசலில்தான் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அது மட்டுமா. மறுநாள் காலையில் வாசல் பெருக்கும்போது ஒரு கொட்டைப்பாக்கு உருண்டு வந்தது. யாருடைய சுருக்குப்பையிலிருந்தோ விழுந்திருக்கும் என்று குப்பையோடு குப்பையாகத் தள்ளிவிட்டேன். எட்டு வருஷத்தில் அந்தப் பாக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த நிமிஷம் விளக்குமாற்றுக்கு முன்னால் அது உருண்ட சத்தம்கூடக் கேட்டது.

இரண்டாவது போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நிழல் தாண்டி வெயிலுக்குப் போனோம். அவள் வரிசையின் அந்தக் கோடியில் நின்றாள், நான் இந்தக் கோடியில்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை. சோற்றை வடித்துவிட்டு மூடியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். பெருக்கிய வாசலைத் திரும்பப் பெருக்கினேன். பாக்கைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் என்னை அரித்தது. சப்ளையரிடம் சொல்லிச் சொல்லவைத்துவிடலாம் என்று துணிந்து புதன்கிழமை போனேன். சப்ளையர் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். எப்போது வருவாள் என்று தெரியாது.

வியாழக்கிழமை கிழக்குத் தெருக்காரி மண் அள்ளும் சட்டியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"உங்க ஓர்ப்படி சனிக்கெழம திருப்பூரு போறாங்களாம், தெரியுமா? பெரிய மகன் வூட்டோட இருக்க. ரேஷன் கார்டையும் மாத்துறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அவங்கதான். உங்ககிட்ட சொல்லச் சொல்லி சொல்லல. ஆனா உங்களுக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொன்னாங்க. நீங்கதான் சட்டிய ஒதறிக்கிட்டிருந்தீங்க."

ரேஷன் கார்டை மாற்றினால் திரும்பி வருவது கிடையாது. அவளுக்கும் எனக்கும் இருக்கிற வயசில், இந்தப் பேச்சு இப்படியே முடிந்துபோகும். அன்று ராத்திரி படுக்கையில் புரண்டேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். பேசிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். மூத்தவள் நான் போய் முதலில் வாய் திறப்பதா என்று மறுபக்கம் தோன்றும்.

வெள்ளிக்கிழமை நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். சப்ளையர் இல்லாத பார் செத்துக் கிடந்தது. அவரவர் தூக்குச்சட்டியைத் திறந்து அவரவர் குடித்தார்கள். ஓர்ப்படி ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

யாரையும் கேட்காமல் எழுந்தேன். என் துண்டைத் தோளில் போட்டேன். மோர்த் தூக்கை எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் நான் பரிமாறியதில்லை. கால் தடுக்கியது. கிழக்குத் தெருக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

ஓர்ப்படி முன்னால் போய் நின்றேன்.

"இங்க என்ன வேணும்?"

எட்டு வருஷம் கழித்து நேராகக் கேட்டேன். ஆனால் நான் கேட்கவில்லை, சப்ளையர்தான் கேட்டாள்.

அவள் நிமிர்ந்து என் துண்டைப் பார்த்தாள், பிறகு முகத்தை. "மோரு. சைடிஷ் என்ன இருக்கு?"

"ஊறுகா. உப்பு கம்மியா."

"புதுக் கம்பெனியா?"

"ஆமா." டம்ளரில் ஊற்றினேன். வழிந்து விரலெல்லாம் மோர். "அந்த டேபிள்ல இருக்கவங்க ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. வெத்தலைய அவங்க ஆடு தின்னுடுச்சாம். பாக்கு வாசல்ல கெடந்துச்சாம். மறுநா அவங்கதான் பெருக்கித் தள்ளுனாங்களாம்."

கிழக்குத் தெருக்காரி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

ஓர்ப்படி மோரை மெதுவாகக் குடித்தாள். டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"சப்ளையரு சொல்றத எல்லாம் நான் எடுத்துக்குறதில்ல," என்றாள். "அதுவும் இங்க சொன்னது இங்கயே போயிடும். நான் நாளைக்கு பஸ் ஏறுறேன்."

சட்டம் சட்டம்தானே. எனக்கு முகம் சுண்டிவிட்டது. தூக்கை மூடிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். உட்கார முடியவில்லை. நடு உச்சி வெயில். நிழல் மரத்தடியோடு சுருங்கிக் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் வெளியே. வைத்தேன். மண் சுட்டது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நின்றேன்.

"ஏண்டி," என்றேன். "தப்பு எம்மேலதான்."

சத்தமாகத்தான் சொன்னேன். ரோட்டில் ஒரு லாரி போனது. போட்டோவுக்குக் கூப்பிட்டதும் அவள் எழுந்து, எப்போதும் போல அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். நானும் என் கோடியில் நின்றேன். அந்தப் போட்டோவில் என் முகம் எப்படி விழுந்திருக்கும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்னே குளித்தேன். ஒரு கவுளி வெற்றிலை, இரண்டு கொட்டைப்பாக்கு, எவர்சில்வர் தட்டு. மூத்தவள் தட்டெடுத்துக்கொண்டு இளையவள் வீட்டுக்குப் போவதைத் தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

கதவு திறந்திருந்தது. இரண்டு பையும் ஒரு சாக்கும் வாசலில் கட்டி வைத்திருந்தது. அவள் வெளியே வந்தாள். நான் தட்டை நீட்டினேன்.

"என்ன விசேஷம்?" என்றாள்.

"விசேஷம் ஒண்ணுமில்ல. நீ ஊருக்கு வந்தா நம்ம வூட்டுலதான் தங்கணும். அதுக்குக் கூப்புட வந்தேன்."

அவள் தட்டை வாங்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நான் தட்டை இறக்காமல் நின்றேன்.

"ஆட்டக் கட்டிட்டு வந்தீங்களாக்கா?" என்றாள்.