எப்பேயின் குதிரை நகரவில்லை

"நான் நிக்கிறேன்" என்கிறார் எப்பே.

தன் முறை வரும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறார். பகடையைத் தொடுவதுகூட இல்லை. மேசைமேல் விரித்திருக்கும் வரைபடத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஈயத்தில் வார்த்த அவருடைய குதிரைவீரன் நிற்கிறான். மற்ற நாங்கள் எல்லாரும் பாலம் தாண்டி, காடு தாண்டி, மலைக்கோட்டை வாசலுக்கே போய்விட்டோம். அவன் அங்கேயேதான்.

"யோவ், அந்தக் குதிரைக்கு வேர் முளைச்சிரும்யா" என்பான் ஆங்கர்.

"முளைக்கட்டும்."

சொல்லிவிட்டு உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டுவார். முன்பெல்லாம் அதை நீட்டும்போது ஒரு கிண்டலும் கூடவே வரும். இப்போது மிட்டாய் மட்டும்தான் வருகிறது.

ஆங்கரின் படகு இயந்திரப் பட்டறைக்கு மேல் இருக்கிறது எங்கள் அறை. டீசல் நாற்றம் பலகை இடுக்கு வழியாக ஏறி வரும். ஞாயிறு மத்தியானம் கூடுவோம். சோல்வாய் கதை நடத்துவாள்; வாரநாட்களில் அவள் பல் மருத்துவருக்கு உதவியாள். எங்கள் ஒவ்வொருவருக்கும் கதையில் ஒரு ஆள். அவன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பியர் வண்டி ஓட்டுகிற எனக்குத் திருடன். ஆங்கருக்குக் கோடரிக்காரன். எப்பேக்குப் பாலடின், ஹால்வார் என்று பெயர். பாலடின் என்றால் சத்தியம் செய்துகொடுத்த வீரன். அவன் பலமெல்லாம் அந்தச் சத்தியத்திலிருந்துதான் வருகிறது. ஹால்வாரின் சத்தியம் ஒரே வரி: ஆயுதத்தைக் கீழே வைத்தவனைத் தொடமாட்டேன்.

இந்தச் சத்தியத்தை எப்பே எங்கிருந்தோ தேடிப்பிடித்து எடுக்கவில்லை. மனுஷனே அப்படித்தான்.

தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் கார்களை அடுக்குவது அவர் வேலை. கையில் ஆரஞ்சு நிறக் குச்சி விளக்கு. ஓட்டுபவரோடு பேசமாட்டார், காரோடு பேசுவார். "வா வா, வயித்த எக்கிக்கோ, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்டா ராஜா" என்பார். இரண்டு கார்களின் கண்ணாடிக்கு நடுவே தீப்பெட்டி நுழையாது. ஆனால் உரசியதாக யாரும் சொன்னது கிடையாது. கிளம்பும் நேரத்தில் துறைமுகச் சாலை முனையில் யாராவது காரின் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு விரைந்து வந்தால், எப்பே வாசல் சங்கிலியைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்ப்பார். மேலேயிருந்து கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் "என்ன தாமதம்?" என்று கத்துவார். "சங்கிலி இன்னும் என் கையிலதான் இருக்கு" என்பார் எப்பே. பொய்யில்லை. கொக்கியில் மாட்டாமல் கையில்தானே வைத்திருக்கிறார். அதற்குள் அந்தக் கார் ஏறிவிடும்.

குட்ரூன் எங்கள் மேசைக்கு வந்த கதையும் இதே தினுசுதான்.

குட்ரூன் தீவுக்காரர். கணவர் இல்லை. எங்கள் ஊர்ச் செருப்புக் கடையில் வேலை. ஒரு ஞாயிறு, தன் சின்னப் படகின் இயந்திரத்தை ஆங்கரிடம் கொடுத்துவிட்டு, மழைக்கு ஒதுங்கி மேலே ஏறி வந்து மூலையில் உட்கார்ந்தார். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இதைப் பிடிங்க" என்று சோல்வாய் அவர் கையில் ஒரு பச்சைத் தோல் குள்ளப்பூதத்தைக் கொடுத்தாள். அந்தச் சண்டையில் எங்களிடம் வெட்டுப்பட்டுச் சாகவேண்டிய பூதம் அது. குட்ரூனுக்கு விளையாட்டின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. தன் முறை வந்ததும் காப்பி கலக்கிய கரண்டியை எடுத்து, கைப்பிடி எப்பே பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தார்.

"என் கத்தி இதுதான். கீழ வச்சிட்டேன். இப்ப என்ன பண்ணுவீங்க?"

ஆங்கர் கோடரியை ஓங்கியிருந்தான். எப்பே கையை நீட்டித் தடுத்தார். கரண்டியை எடுத்து, கைப்பிடியைத் திருப்பி, குட்ரூன் பக்கமே தள்ளினார்.

"வச்சுக்கம்மா. சூப்பு குடிக்க வேணும்ல."

அந்தப் பூதத்துக்குக் கரண்டி என்றே பெயர் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும் குட்ரூன் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு தன் சொந்தக் கரண்டியோடு, தட்டு நிறைய லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளோடு வந்தார். வருஷக்கணக்காகக் கரண்டி ஹால்வாரின் குதிரையில் பின்னால் உட்கார்ந்து போனது. எந்த ஊருக்குப் போனாலும் அது முதலில் இறங்கி, "எங்க ஐயா வர்றாரு, கதவத் திற" என்று கத்தும். எப்பே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அப்படி வெட்கப்படுவதைப் பார்க்கவே நாங்கள் கரண்டியைத் தூண்டிவிடுவோம்.

போன இலையுதிர்காலத்தில்தான் கெட்டது எல்லாம். கதையில் ஒரு சுங்கப்படைத் தலைவன். பிடிபட்டு, வாளைப் போட்டு, மண்டியிட்டான். ஹால்வார் அவனை விட்டுவிட்டான். விடுபட்டவன் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து, ஹால்வார் அடைக்கலம் கொடுத்த ஜனங்கள் தங்கியிருந்த மாவு ஆலையைக் கொளுத்தினான். யாரும் மிஞ்சவில்லை.

"உன் இரக்கம் ஒரு ஊரையே தின்னுருச்சு பாத்தியா" என்றான் ஆங்கர். அவன் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினான். எப்பே மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அதே வாரம், ஃபெர்ரியில் கடைசி நொடியில் அவர் ஏற்றிக்கொண்ட ஒரு பயணி, தன் காரைச் சரியாக நிறுத்தவிடவில்லை என்று மேலே புகார் கொடுத்துவிட்டான். கப்பல் தலைவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அடுத்த ஞாயிறு எப்பே கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சோல்வாய், நான் பாதை மாத்துறேன். பழி வாங்குற பாதை."

இது விளையாட்டில் உள்ளதுதான். ஒரு பாலடின் தன் சத்தியத்தை விட்டு வேறு சத்தியம் எடுக்கலாம். கதாபாத்திரத் தாளில் நாலு வரியை அழித்து நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. பாதை மாற்றுகிறவர் பழைய சத்தியத்தை எல்லாரும் கேட்கும்படி கடைசியாக ஒரு தடவை சொல்ல வேண்டும். பிறகு தன் பொம்மைக்குத் தானே புதுச் சாயம் பூச வேண்டும்.

எப்பே எழுந்து நின்று சொன்னார். குரல் தடுமாறவில்லை. வீட்டில் சமையல் மேசையில் வைத்து, குதிரையின் முதுகுவரை விழும் ஹால்வாரின் வெள்ளைப் போர்வையைக் கறுப்பாக்கிக் கொண்டுவந்தார். பூச்சு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் ஆங்கர் விசிலடித்தான். குட்ரூன் மட்டும் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கரண்டி உக்கார்ற இடத்தையும் பூசிட்டியே" என்றார்.

சுங்கப்படைத் தலைவனை ஆற்றுப் பாலத்தில் மடக்கினோம். சோல்வாய் வழக்கம்போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "அவன் ஆளுங்க எல்லாம் ஓடிட்டாங்க. அவன் குதிரையில இருந்து இறங்குறான். வாளை எடுத்துக் கீழ வைக்கிறான். கைப்பிடி உன் பக்கம்..."

"வெட்டுறேன்."

சோல்வாய் பேனாவைக் கீழே வைத்தாள். "நிச்சயமாவா?"

கதை நடத்துகிறவர் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எந்த ஆட்டக்காரனுக்கும் தெரியும். திரும்பிப் போக ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் சங்கிலியைக் கையில் பிடித்து நின்ற எப்பேக்கு அது தெரியாமலா இருக்கும்?

"நிச்சயமா" என்று பகடையை உருட்டினார்.

இருபது விழுந்தது, அதற்கு மேல் எண் இல்லை. இருபது விழுந்தால் யாரும் எதையும் யோசிப்பதில்லை. மேசை அதிரக் கத்துவது கைக்கும் வாய்க்கும் பழகிப்போனது. கத்தினோம். ஆங்கர் எப்பேயின் முதுகில் ஓங்கி அறைந்தான். சத்தம் அடங்கியபோது குழாயில் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது. குட்ரூன் தன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்து, கைப்பையில் போட்டார்.

"கரண்டி குதிரையில இருந்து இறங்கிருச்சு" என்றார். "இனி அது கூட வராது."

"அட, அவன் ஆலையைக் கொளுத்தினவன்மா" என்றான் ஆங்கர்.

"தெரியும். கொளுத்தினது தப்புதான்." கோட்டை மாட்டிக்கொண்டே எப்பேயைப் பார்த்தார். கோபமாகப் பார்த்த மாதிரிகூட இல்லை. "அன்னைக்கு நீ இப்படி இருந்திருந்தா, எனக்கு இங்க நாற்காலியே கிடையாது எப்பே."

அதற்குப் பிறகு குட்ரூன் வரவில்லை.

ஹால்வார் இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. புதுப் பாதை அப்படி. ஒரு வெட்டுக்கு இரண்டு பேர் விழுவார்கள். எப்பே அந்தப் பலத்தை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. பாலத்தருகே நின்றது நின்றதுதான். எங்கள் முறைகள் நடக்கும்போது பொம்மையைக் கையில் எடுத்து, போர்வையின் பின்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். கறுப்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, குதிரையின் முதுகில், பூதம் உட்காரும் அளவுக்கு, அடியிலிருந்த வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஒரு நாள் சோல்வாயிடம் கேட்டார். "பழைய பாதைக்குத் திரும்ப முடியுமா?"

"முடியும். யாரு கண்ணு முன்னால ஒடைச்சியோ, அவங்க முன்னால மறுபடி சத்தியம் பண்ணணும்."

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் போடலையே" என்றான் ஆங்கர். அவனுக்கும் உள்ளே உறுத்தல்தான்.

"இந்த மேசையில போட்டிருக்கு" என்றாள் சோல்வாய்.

வேடிக்கை என்னவென்றால், எப்பே குட்ரூனைத் தினமும் பார்க்கிறார். காலையில் தீவிலிருந்து வரும் முதல் ஃபெர்ரியில் குட்ரூன் சைக்கிளோடு ஏறுவார். "காலை வணக்கம்" என்பார். எப்பேயும் "காலை வணக்கம்" என்பார். விளக்கை ஆட்டுவார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போவார். அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தை கேட்டுத் தொலையேன்யா" என்று ஆங்கர் கத்தினான். "ஈயப் பொம்மை விஷயம். என்ன, சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

எப்பே மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சிரிச்சாப் பரவாயில்லடா. சிரிக்கலைன்னா?"

போன வெள்ளிக்கிழமை தீவில் பியர்ப் பெட்டிகளை இறக்கிவிட்டு அங்கேயே தங்கி, காலை ஃபெர்ரியில் திரும்பினேன். என் வண்டி முதல் வரிசையில். இன்னும் விடியவில்லை. மழைத் தூறல் இரும்புத் தளத்தில் மினுமினுத்தது. கரை தட்டியதும் சரிவுப்பலகை இறங்கியது. சைக்கிள்காரர்கள் முதலில் இறங்க வேண்டும். குட்ரூன் ஒருவர்தான் இருந்தார். எப்பே எதிரே நின்றார், விளக்கை ஆட்டவில்லை.

"காலை வணக்கம்" என்றார் குட்ரூன்.

எப்பே குனிந்து, குச்சி விளக்கை ஈரத் தளத்தில் வைத்தார். உருண்டுவிடாமல் காலணி நுனியால் நிறுத்தி, கைப்பிடியைக் குட்ரூன் பக்கமாகத் திருப்பினார். பிறகு இரண்டு வெறுங்கைகளோடு பின்னால் நகர்ந்து நின்றார். எனக்குப் பின்னாலிருந்த கார் ஒலி எழுப்பியது. அதற்குப் பின்னாலிருந்ததும் எழுப்பியது. மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

குட்ரூன் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு சைக்கிளின் தாங்கியை இறக்கி நிறுத்தினார். குனிந்து விளக்கை எடுத்து, கழுத்துத் துணியின் நுனியால் அதன் ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.