எண்ணெய் பூசிய மத்தியானம்

எங்கள் தெருவுக்குப் பங்குச்சாமியார் சும்மா வந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து தோத்திரம் சொல்வார்கள். எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் மட்டும் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். யாருக்கோ நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைபூசுதல் கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். மறுநாள் பெரும்பாலும் அந்த வீட்டு வாசலில் பந்தல் நிற்கும். சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய்தான் ஆளைக் கொல்கிறது என்று பத்து வயதில் உறுதியாக நம்பினேன்.

அதனால் ஆச்சிக்குக் காய்ச்சல் முற்றிப் பேச்சு நின்றபோது, காய்ச்சலைவிடச் சாமியாரை நினைத்துத்தான் பயந்தேன். ஆச்சி என் அம்மாவைப் பெற்றவள். தாத்தாவைக் கடல் கொண்டுபோன பிறகு, கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். மடியில் எனக்கென்று காகிதத்தில் பொதிந்த முந்திரி மக்ரூன் வைத்திருப்பாள். அதிலும் லேசாகக் கருவாட்டு வாசம் அடிக்கும். அதற்காக நான் அதை வேண்டாமென்று சொன்னதில்லை.

பயம் எனக்கு மட்டும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஹார்பரில் வேலை பார்த்த பெரிய மாமா, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். சின்ன மாமா அன்று கடலுக்குப் போகவில்லை.

"எண்ண பூசிட்டா அம்மா போயிருவாளே" என்று அழுதாள் என் அம்மா.

"பூசாமப் போயிட்டா?" என்றார் பெரிய மாமா.

காலையில் தொடங்கிய பேச்சு மத்தியானம் வரை இழுத்தது. கடைசியில் பெரிய மாமா வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் ஆச்சியின் கட்டிலருகே நின்றுகொண்டேன்.

சாமியார் வந்தார். செபம் சொல்லி, ஆச்சியின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். பெரியவர்கள் அவரை வழியனுப்ப வாசலுக்குப் போன சமயத்தில் நான் கட்டிலில் ஏறி, பாவாடை நுனியால் எண்ணெயை அழுத்தித் துடைத்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை. அதற்குள் உள்ளே இறங்கியிருந்தால்? சுவரோரம் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்துச் சத்தமாகவே வேண்டினேன்.

"மாதாவே, எங்க வீட்ல எல்லாரும் செத்த பெறவுதான் ஆச்சி சாகணும்."

ஆச்சி கண்ணைத் திறந்தாள். ஆசையாக அவள் முகத்தருகே குனிந்தேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை என்னை அவள் அடித்ததே இல்லை.

"அப்படிக் கேக்காதளா. மாத்திக் கேளு."

குரல் கேட்டு ஓடிவந்த அம்மா, ஆச்சி பேசிவிட்ட சந்தோஷத்தில் கதறினாள். மாமாக்கள் இருவரும் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து விம்மினேன். காப்பாற்றியவளை யாராவது அடிப்பார்களா? மாற்றிக் கேட்பதென்றால் எதை மாற்றுவது? ஆச்சியின் கண்ணில் வழிந்த நீரைக்கூட நான் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன்.

ஆச்சி தொண்ணூறைத் தாண்டியும் இருந்தாள். பெரிய மாமா போனார். பிறகு சின்ன மாமா. அதன் பிறகு என் அம்மா. அம்மாவின் அடக்கத்துக்கு வந்த ஒருவர், "ஒங்க ஆச்சிக்கு எம்புட்டு கெட்டியான ஆயுசு, பாத்தியா!" என்று என்னிடம் மெச்சிப் பேசினார். ஆச்சி பெட்டியருகில் உட்கார்ந்து, மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.