டிபன் கேரியரோடு எழுந்து போனவன்

போன சனிக்கிழமை சாயங்காலம், ராமச்சந்திராபுரம் காலனி பிள்ளையார் பந்தல். முதல் வரிசையில் அடியேன். யூனிபாரம், மடியில் டிபன் கேரியர். பாட்டு முடிந்ததும் நைட் ஷிப்ட் பஸ் பிடிக்க வேண்டும். மேடையில் என் பெண் மீனா. முதல் மேடை.

வாய் அசைந்தது. சத்தம்? வரவே இல்லை!

பக்கத்தில் என் அப்பா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் தட்டித் தட்டிக் காது மந்தம். ஆனால் குரல்? அவர் பஜனையில் பாடினால் தெரு நாய்கள் அடுத்த காலனிக்குக் குடிபோகும்.

"ஏண்டா, மைக் அவுட்டா?" என்று பந்தலே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"மைக் நல்லாத்தாம்ப்பா இருக்கு. பொண்ணுதான்..."

எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு கேட்கிறீர்களா? சின்ன வயதில் அதே பஜனையில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்து, "தட்டு, வாயை மட்டும் திறக்காதே" என்றார்கள். படிப்பு நாலாம் கிளாஸ். ஏழு ஸ்வரம் என்பதே மீனா சொல்லித்தான் தெரியும்.

மேடையில் மீனா என்னையே பார்த்தாள். பின்னால் சிரிப்பு.

என் மனைவி கமலா இடுப்பில் கிள்ளினாள். "எழுந்திருங்க. கேரியரை எடுத்துட்டுக் கிளம்புங்க!"

"எதுக்குடி? பாட்டைக் கேக்க வேணாமா?"

"பகலெல்லாம் நீங்க தூங்கறீங்கன்னு, குழந்தை குசுகுசுன்னு பாடித்தானே கத்துக்கிட்டா? நீங்க கேரியரோட வாசப்படி தாண்டினாத்தான் அவளுக்குத் தொண்டையே தொறக்கும். போங்கன்னா!"

அட... வாஸ்தவம்தானே! பகலில் எங்கள் வீட்டில் ரேடியோகூட ரகசியம்தான் பேசும். குக்கர் விசில் அடித்தால் கமலா அதை முறைப்பாள்.

எழுந்தேன். மீனாவுக்குத் தெரிகிற மாதிரி கேரியரைத் தூக்கி ஆட்டினேன். நடந்தேன். பெற்ற பெண்ணின் பாட்டுக்கு முதுகைக் காட்டிப் போகிற அப்பன் உலகத்தில் உண்டா?

பஸ் ஸ்டாப்பை எட்டவில்லை... பின்னால் கம்பத்து ஸ்பீக்கர் அதிர்ந்தது. மீனாதான்! என் அப்பாவின் குரல், அப்படியே! ஆனால் சுருதியோடு.

"பலே!" என்று அப்பா கத்தியது, மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

ஸ்டாப்பில் நின்ற வெல்டர் முருகேசன் கேட்டான். "யாருண்ணே பாடுறது?"

"எம் பொண்ணுடா."

"அட! யாரு தயார் பண்ணினது?"

"நாந்தான்."

"உங்களுக்குப் பாட வருமாண்ணே?"

"வராதுடா. எழுந்து போக வரும்."