நாலாவது பொருளின் வாடை

என் மனைவி பேச்சியம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் என் சட்டையில் ஐசோசயனைடு என்ற ரசாயனத்தின் வாடை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் ஆய்வகத்திலிருந்து அப்படியே ஓடினேன். இருதய வார்டின் கதவைப் பாதி திறந்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயா, இந்த வாடையோட உள்ள விட முடியாது. குளிச்சிட்டு வாங்க" என்றார். அவர் தோளுக்கு மேலாக, கதவை ஒட்டிய கட்டிலில் அவள் கண்மூடிப் படுத்திருப்பது தெரிந்தது. குளித்துவிட்டு வந்தேன். அதற்குள் போய்விட்டாள்.

மீன் மார்க்கெட்டிலும் தோல் கிடங்கிலும் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது புரியும். நம் தொழிலை நாம் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. நமக்கு முன்னால் அது போய்ச் சொல்லிவிடும்.

ஒரே குடுவை

திருமங்கலம் சாலையில், மருந்துக் கம்பெனிகளுக்குப் புதுப் பொருள்கள் செய்து கொடுக்கும் சின்ன ஆய்வகம் எங்களுடையது. குடுவை கழுவும் வேலைக்குத்தான் அங்கே போனேன். பழைய பாடப் புத்தகங்களை வாங்கிப் படித்து, குடுவைக்குள் நடப்பதையும் மெல்லக் கற்றுக்கொண்டேன். ஆல்டிஹைடு, அமீன், அமிலம், ஐசோசயனைடு. நாலையும் மெத்தனாலில் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டால், தாங்களாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காலையில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். முதல் மூன்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நாலாவதின் வாடைக்கு எந்தப் புத்தகத்திலும் சரியான சொல் கிடையாது.

அந்த வாடையோடு ஒருநாள் நாகமலை பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன்னும் பின்னும் இருந்த சீட்டுகள் காலியாயின. கண்டக்டர் குனிந்து சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடினார். கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணே, டிக்கெட் வேணாம், எறங்கிக்கங்க. நீங்க இருந்தா மத்தவுகளும் எறங்கிருவாக."

அத்தர்

என்னோடு வேலை பார்த்த காஜா பாயின் குடும்பத்துக்கு டவுனில் அத்தர் கடை. "இதுக்குப் போயி கவலைப்படுறீங்களே" என்று ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். காலரில் தாராளமாகத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பேச்சி இரண்டடி பின்னால் போனாள். "ஏங்க, அத்தர் கடைக்குள்ள எலி செத்துக் கெடக்கிற மாதிரியில்ல இருக்கு!"

சிரித்து முடித்துவிட்டு, கொல்லைப்புறத்தில் துணி காயப்போட இன்னொரு கொடி கட்டினாள். "இது ஒங்க கொடி. என் சேலைப் பக்கம் வந்துறாதீக."

சால்னா

குடுவையில் வேலை முடிந்ததா என்பதை வாடையே சொல்லும். ஐசோசயனைடு முழுக்கச் செலவாகிவிட்டால் வாடையும் போய்விடும். ஒரு மதியம் அறையில் ஒன்றுமே நாறவில்லை. முடிந்தது என்று நினைத்து, வடிகட்டிய மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். செலவாகியிருக்கவில்லை, காலையிலிருந்து முகர்ந்து முகர்ந்து என் மூக்குதான் மரத்துப்போயிருந்தது.

எங்கள் சாக்கடை மாயாண்டியின் புரோட்டாக் கடைக்குப் பின்னால் போகும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை அப்படியே விட்டு எழுந்து ஓடினார்களாம். கையில் சால்னாக் கரண்டியோடு வந்து நின்றார் மாயாண்டி. "அண்ணே, ஒங்க மருந்து எந்தச் சீக்கைக் கொணமாக்குமோ தெரியாது. பசியக் கொணமாக்கிருச்சு."

குளக்கரை

அன்றிலிருந்து என் மூக்கை நான் நம்பவில்லை. வேலை முடிந்து குளித்தாலும், வாடை போயிற்றா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதனால் வீட்டுக்குப் போகும் வழியில், கீழக்குயில்குடி மலையடியில் குளத்துப் படியில் உட்கார்ந்துவிடுவேன். காற்று கொண்டுபோகட்டும் என்று இருட்டும்வரை இருப்பேன். வேலை அதிகம் என்று பேச்சியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

யார் சொன்னார்களோ, ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "நாறுறது என் மூக்குக்குத்தான? வேணாம்னா நான் சொல்ல மாட்டேனா? எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

கதவுக்கு உள்ளே

அன்று அவளோடு போனேன். மறுநாளே பழையபடி குளக்கரையில் உட்கார்ந்தேன். அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று என் மனதில் இருந்தது. அப்படியே வருஷங்கள் போயின, அந்தப் போன் வரும்வரை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் பையை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ் இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "ஐயா, அன்னைக்கு ஒங்கள அனுப்பிட்டுக் கதவச் சாத்துனேன். அம்மா கண்ணே தெறக்கல. 'அவரு வந்துட்டாரு, வாசல்லயே நிக்காம உள்ள வரச் சொல்லுங்க'ன்னாங்க."

வேலையை விட்டுவிட்டேன், கொல்லைப்புறத்தில் இரண்டு கொடியும் அப்படியே இருக்கின்றன, என் துணியை இப்போது எதில் வேண்டுமானாலும் போடலாம்.