இரண்டாவது பொட்டலம்

செய்தியில் காட்டிய படத்தில் சித்தி தலை வாரியிருக்கவில்லை. இரண்டு பெண் போலீசார் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். முடி கலைந்து முகமெல்லாம் விழுந்து கிடக்கிறது. கீழே விஷம், கணவர்கள், கூடப்பிறந்த அக்கா, பெற்ற தகப்பன் என்று எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு முதலில் தோன்றியது, அடப் பாவிகளா, அவளுக்கு யாராவது ஒரு சீப்பு கொடுத்திருக்கக் கூடாதா என்பதுதான். இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பக்கத்து மேசைப் பெண் அதே வீடியோவை எனக்கே அனுப்பி, "பாருங்கக்கா, நம்மூருப் பக்கந்தானாமா. இவெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டிருந்தாள். கோபமாக முறைக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செய்தியில் சொன்ன அந்த அக்காதான் என் அம்மா.

அம்மா போனபோது எனக்குப் பேச்சே திருந்தவில்லை. அவள் எனக்கு ஒரு ஸ்டுடியோ போட்டோ, அவ்வளவுதான். மஞ்சக்காமாலை முத்திப்போய்விட்டது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். சித்தி அவளுடைய தங்கை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அதற்குச் சில காலம் முன்பே ஏதோ வயிற்றுக் கோளாறில் போய்விட்டிருந்தார். ஒருத்தி செத்துப் போனாள், ஒருத்தி தாலியறுத்தாள், அந்தக் குடும்பத்துக்கு யார் கண் பட்டதோ என்று உறவெல்லாம் உச்சுக் கொட்டியது. அந்த உச்சுக்கொட்டலை எல்லாம் சித்தி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அப்போது அவள் மடியில் உட்கார்ந்திருந்த எனக்கு, எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள் என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அப்பா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட் ஓடும் காலத்தில் விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் பகலெல்லாம் என்னை அனுப்பர்பாளையத்தில் அப்புச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. பாத்திரப் பட்டறையில் ஆயுசு முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் கிடந்ததில் காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. தாலியறுத்த சித்தியும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள்தான் என்னை வளர்த்தாள்.

எப்படி வளர்த்தாள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரப்புத் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவாள். கண் எரிகிறது என்று கத்துவதற்கு முன்பே அவள் கை என் நெற்றியில் அணை கட்டியிருக்கும். அப்பா கொண்டுவரும் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளில் எனக்குச் சட்டை தைப்பாள். ஒரு கை சிவப்பு, ஒரு கை நீலம், முதுகில் ஏதோ வெளிநாட்டுக் குழந்தைக்கு அச்சடித்த பாதிக் கரடி. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து உருட்டி உள்ளங்கையில் வைப்பாள். "தின்னு என் வெள்ளாட்டுக் குட்டி, உன்னய வித்தா இன்னிக்கு நாலு காசு தேறாது" என்பாள். அந்த ருசிக்காக இன்றைக்கும் நான் ஊரில் இருக்கிற மெஸ்ஸெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

ஒருநாள் அவளிடம், உங்களை அம்மா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டேன். தலை பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"கூப்புடு கண்ணு, யாரு வேண்டாங்கறா? உங்கப்புச்சி காதுல மட்டும் உழுகாம கூப்புட்டுக்க."

அப்புச்சி காதில் எதுவுமே விழாது என்பதால் நான் தாராளமாகக் கத்தியே கூப்பிட்டேன்.

உறவுக்காரர்களுக்கும் அதே ஆசைதான். அக்கா போன வீட்டுக்குத் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. பிள்ளைக்கும் தாய் கிடைக்கும், இவளுக்கும் ஒரு வாழ்க்கை. அப்பாவுக்கும் மனசு இருந்தது என்றே நினைக்கிறேன். சித்தி காப்பி கொண்டுவந்தால் கிணற்றில் தூர் வாரப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். அப்புச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தியக் குடுத்து வாரிக் குடுத்தாச்சு, போதுமுங்க" என்று வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். எனக்கு அப்புச்சி மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷன் ஒரு "சரி" சொன்னால் எனக்கு அம்மா கிடைத்துவிடுவாள், அதைச் சொல்ல இவருக்கு என்ன கேடு?

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் சித்தி பருத்திப்பால் காய்ச்சினாள். வீடே கருப்பட்டியும் ஏலக்காயுமாக மணந்தது. எனக்கு ஆறவில்லை என்று என் டம்ளரைத் தண்ணீரில் வைத்துவிட்டு, அவள் ஏதோ எடுக்கப் பின்பக்கம் போனாள். அப்புச்சியின் பெரிய பித்தளை டம்ளர் மேடையில் தயாராக இருந்தது. பெரியது என்றால் எனக்கு விட மனசு வருமா? இரண்டு கையாலும் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. கையில் ஓங்கி ஒரு அடி. அதே வீச்சில் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். சித்தி என்னை அடித்ததே கிடையாது. நான் அழுவதற்கு மூச்சை இழுப்பதற்குள் அவள் உட்கார்ந்து என்னை இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "குடிச்சியா? சொல்லு, குடிச்சியா?" என்று உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இல்லை என்றதும் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அப்புறம் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த டம்ளரை அப்புச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்புச்சி இரவே படுத்துவிட்டார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள். வயசான உடம்பு, தாங்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இழவு வீட்டில் அப்பா வந்து உட்கார்ந்ததும் நான் போய் மடியில் ஏறினேன். அப்புச்சி போனதைவிடப் பெரிய துக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. அப்பா, சித்தி என்னை அடிச்சுட்டாங்க என்று முறையிட்டேன்.

"எதுக்குக் கண்ணு?"

"அப்புச்சி டம்ளர எடுத்தேன்னு."

அப்பா என்னை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு என் காதோடு, நீ குடித்தாயா என்றார். எங்கே விட்டார்கள், பிடுங்கிக்கொண்டார்கள் என்றேன். ஒரு வாய்கூட இல்லையா, ஒரு வாய்கூட இல்லையா என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அன்றோடு அப்பா என்னை அந்த வீட்டில் விடுவதை நிறுத்திவிட்டார். கம்பெனிக்கே கூட்டிப்போய் செக்கிங் மேசைக்கு அடியில் துணிக்குவியல் மேல் உட்கார வைத்தார். சித்தி விடுவாளா? கேரியரில் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே வந்துவிடுவாள். அப்பா "சரிங்க, வெச்சுட்டுப் போங்க" என்று மரியாதையாக வாங்கிக்கொள்வார். அவள் தெரு முனை திரும்பியதும் அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு, "கெட்டுப் போச்சு கண்ணு" என்பார். நெய் வாசம் எனக்கு மூக்கில் ஏறும். கெட்டுப்போன சோறு இப்படி மணக்குமா? கடையில் வாங்கிக் கொடுத்த பரோட்டாவைத் தொடாமல் நான் மேசைக்கு அடியில் அழுதுகொண்டு கிடப்பேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து பேச்சை எடுத்தார். தடுத்தவரும் போய்விட்டார், இனி யாரைக் கேட்க வேண்டும், தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ஒருத்தரை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்தச் சங்கடமான வேலைகளை எல்லாம் சாமியிடம் விட்டுவிடுவோம். அப்பாவும் அதைத்தான் செய்தார்.

"ஆகட்டுமுங்க. எதுக்கும் முருகங்கிட்ட ஒரு பூ கேட்டுக்கலாமுங்க."

பூக் கேட்பது என்றால், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு, வெளியே தெரியாமல் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கம் வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பென்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். எடுக்கப்போகிற பிள்ளை நான்தான் என்றதும் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரியே இருந்தது.

ஊருக்கு வெளியே பாறைக் கரட்டு மேல் இருக்கும் சின்னக் கோயில். அப்பா, மாமா, சித்தி, நான். சித்தி அன்றைக்கு எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டு, தனக்கு வைக்காத பூவை எல்லாம் என் தலையில் வைத்திருந்தாள். பூசாரி, பொட்டலம் நான் கட்டிக்கிறேன் என்று கை நீட்டினார். அப்பா, "இல்லீங்க, வரும்போதே கட்டிக் கொண்டாந்துட்டனுங்க" என்று பையிலிருந்து இரண்டை எடுத்தார். வெள்ளைப் பனியன் துணித் துண்டில் மடித்து, ஓவர்லாக் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். தீபாராதனை முடிந்தது. முருகா, நான் இனிமேல் மிட்டாயே கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு கை வைத்தேன்.

பூசாரி நூலைப் பிரித்தார். செவ்வரளி.

நான் போட்ட கூப்பாட்டில் கரட்டில் இருந்த குரங்கெல்லாம் ஓடியிருக்கும். இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று புரண்டேன். "சாமிய ஒருக்காத்தான் கண்ணு கேக்கோணும்" என்றார் பூசாரி. மாமா பெருமூச்சு விட்டு, அவ்வளவுதான் கொடுப்பினை என்றார். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

கொஞ்ச நாளில் சித்தியைத் தாராபுரம் பக்கம் யாருக்கோ கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில், ரயில்வே கேட்டில், சந்தையில் அவளைப் போல ஒரு முதுகைப் பார்த்து ஓடிப்போய் ஏமாந்திருக்கிறேன். வயசுக்கு வந்து ஓலை கட்டிய குச்சலுக்குள் உட்கார்ந்திருந்தபோது சீர் கொண்டுவந்த கூட்டத்தில் அவளைத்தான் தேடினேன். சரியாக எடுக்கத் தெரியாத என் வலது கையை எத்தனையோ தடவை கடித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செகப்புதான் கண்ணு வெச்சேன்."

போலீசுக்கு ஏனப்பா போகவில்லை என்று கேட்டேன். புள்ளையை ஒரு அடி அடிச்சா, அதனால அவ கொலகாரின்னு போய்ச் சொல்லச் சொல்றியா என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் வாயைத் தொறந்திருந்தா அதுக்கப்பறம் போன உசுரெல்லாம் இருந்திருக்குமே என்று துண்டுக்குள்ளேயே அழுதார். தாராபுரத்துக்காரரும், அவருக்குப் பிறகு அவளோடு இருந்த ஒருவரும். அவர்கள் முகம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"நாளைக்கு நீயே அவளுக்குக் குறுக்க வந்திருந்தீன்னா? அந்தப் பயந்தான் எனக்கு."

"என்னய ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்கப்பா. தட்டி உட்டாங்கல்ல?"

"அன்னிக்குத் தட்டி உட்டா" என்றார் அப்பா.

ஆனால் நான் அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோயிலிலிருந்து இறங்கும்போது அழுது விக்கிய என்னை சித்திதான் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அப்பாவும் மாமாவும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எடுக்காமல் விட்ட பொட்டலம் எப்படியோ அவள் கையில் இருந்தது. நூலைப் பல்லால் கடித்து, என் தலைக்கு மேலே வைத்துப் பிரித்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கீழே அப்பா திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் வெகு நேரம் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்றுபோன வருத்தத்தில் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கு அழுகை இன்னும் அதிகமானது.

சித்தி பொட்டலத்தைக் கசக்கி முள்ளுக்குள் எறிந்தாள். அதுல என்ன பூ என்று கேட்டேன். என் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"வெள்ளை கண்ணு. கைய ஒரு வெரக்கடை தள்ளி வெச்சிருந்தீன்னா, நாந்தான் உனக்கு அம்மா."

ஏன் அப்படிச் சொன்னாள்? அப்பாவை நான் வெறுத்துவிடக் கூடாது என்றா, அவளை நான் கடைசிவரைக்கும் மறக்கக் கூடாது என்றா? ஜெயிலுக்கு மனுப் போட்டால் பார்க்க விடுவார்களாம். நேரிலேயே கேட்டுவிடலாம். நான் போகவில்லை. வெள்ளைதான் கண்ணு என்று அவள் மறுபடியும் சொல்வாள். நான் நம்பிவிடுவேன்.